தாராவி: தோல் தொழிலும் தமிழர் குடியேற்றமும் – ஒரு தொழிற்குடியிருப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மும்பை மாநகரின் நடுவே அமைந்துள்ள தாராவி, பொதுவழக்கில் 'ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப்பகுதி' என்றே அறியப்படுகிறது. எனினும் அப்பகுதி உருவானதற்கும் நிலைத்ததற்கும் அடிப்படையாக அமைந்தவை அங்கு நடைபெற்ற தொழில்களே ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய தோல் பதனிடும் தொழிலையும், அதனோடு பிணைந்த திருநெல்வேலித் தமிழரின் குடியேற்றத்தையும் மையமாகக் கொண்டு தாராவியின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தொழிலால் உருவான ஓரிடத்தைச் சட்டமும் நிர்வாகமும் குடியிருப்பாக மட்டுமே கணக்கிட்டு வந்தன என்பதையும், அக்கணக்கின் விளைவு இன்றைய மறுசீரமைப்புத் திட்டத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தாராவி, மும்பைத் தமிழர், தோல் பதனிடுதல், இடம்பெயர்வு, தொழிற்குடியிருப்பு, மறுசீரமைப்பு.

முன்னுரை

தமிழ் வாசகர் பலருக்குத் தாராவி முதலில் அறிமுகமானது திரைப்படங்களின் வழியேயாகும். 1987-இல் வெளிவந்த 'நாயகன்', 2018-இல் வெளிவந்த 'காலா' ஆகிய இரண்டும் அப்பகுதித் தமிழரின் வாழ்வைக் களமாகக் கொண்டவை. ஒரு தலைவன், அவனைச் சூழ்ந்த மக்கள், நிலத்துக்கான போராட்டம் என்னும் சட்டகத்துக்குள் தாராவியை அவை நிறுத்தின. அங்கு வாழும் மக்கள் எதற்காக அங்கு வந்தனர், என்ன தொழில் செய்தனர், அந்த இடத்தை ஏன் தேர்ந்தனர் என்னும் வினாக்கள் திரையின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன.

தாராவியின் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். மக்கள்தொகை குறித்த மதிப்பீடுகள் 6 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் வரை வேறுபடுகின்றன. மேற்கு இரயில்பாதைக்கும் மத்திய இரயில்பாதைக்கும் இடையில், மாகிம், சயான், மாட்டுங்கா நிலையங்களை ஒட்டி அது அமைந்துள்ளது. வடக்கே மித்தி ஆற்றுக்கு அப்பால், நாட்டின் மிக விலையுயர்ந்த அலுவலகப் பகுதிகளுள் ஒன்றான பாந்த்ரா–குர்லா வளாகம் உள்ளது. இவ்வமைவிடமே தாராவி நிலத்துக்கு இன்று பெருமதிப்பைத் தந்துள்ளது. ஆனால் முதல் தோல்தொட்டிகள் அங்கு அமைந்த காலத்தில் அது எவரும் விரும்பாத நிலமாக, நகரின் எல்லைக்கோட்டில் கிடந்தது. விரும்பப்படாத நிலம் விலைமதிப்புள்ள நிலமாக மாறிய கதையே தாராவியின் வரலாறு. அம்மாற்றத்தில் உழைப்பின் பங்கு யாது என்பதே இக்கட்டுரையின் மைய வினாவாகும்.

1. கழிமுகத்திலிருந்து கரைநிலமாக

பம்பாய்த் தீவுகளின் தொல்குடிகளான கோலி மீனவர்களின் குடியிருப்புகள் 'கோலிவாடா' எனப்படும். 1909-இல் வெளியான பம்பாய் நகர அரசிதழ்த் தொகுப்பு, நகரின் ஆறு பெருங் கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. மாகிம் கழிமுகத்தின் மீன்வளத்தையும் அலையாத்திக் காடுகளையும் சார்ந்த சிற்றூராக அது இருந்தது. கழிமுகத்தைக் காவல் காக்க 1737-இல் ஆங்கிலேயர் கட்டிய ரீவா கோட்டையின் சிதைவு இன்றும் அங்கே காணப்படுகிறது. அக்காலத்தில் அது தீவுநகரின் வடவெல்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானையும் குர்லாவையும் இணைக்கும் கடல்வழிப் பாதையும், 1845-இல் மாகிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் பாதையும் அமைக்கப்பட்டன. இவை போக்குவரத்தை எளிதாக்கின. அதே வேளையில் கழிமுகத்தின் இயல்பான நீரோட்டத்தைத் தடுத்தன. சேறு படிந்தது, மீன்பிடித் தொழில் நலிந்தது. கோலியரின் வாழ்வாதாரத்தைக் குலைத்த அந்தச் சேற்றுநிலமே பின்னர் வந்த குடியேறிகளுக்கு இடமளித்தது. நகரின் குப்பையையும் மண்ணையும் கொட்டிச் சதுப்பை மேடாக்கியவர்களுள் அங்குக் குடியேறிய உழைப்பாளர்களும் அடங்குவர். தாராவியில் ஒருவர் 'இது எங்கள் இடம்' எனக் கூறும்போது, அக்கூற்றுக்குப் பின்னால் நிலத்தை உருவாக்கிய உழைப்பும் இருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1896-இல் பம்பாயில் பரவிய கொள்ளைநோய் நகர நிர்வாகத்தின் நோக்கை மாற்றியது. 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலான உழைப்பாளர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அகன்ற சாலைகள் அமைக்கப்பட்டன. நாற்றமும் புகையும் கழிவும் தரும் தொழில்கள் நகரின் நடுப்பகுதிக்கு ஒவ்வாதவை எனக் கருதப்பட்டன. தென்பம்பாயில் வாழ்ந்த சௌராட்டிரக் குயவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெயர்க்கப்பட்டு இறுதியில் தாராவியை அடைந்தனர். அவர்களின் குடியிருப்பே கும்பார்வாடா. ஒரு நகரம் தனக்குத் தேவைப்பட்ட, ஆனால் தன் கண்முன் இருக்க விரும்பாத தொழில்களை ஒதுக்கிவைத்த இடமாகத் தாராவி உருப்பெற்றது.

2. தோல்தொட்டிகளும் திருநெல்வேலித் தொழிலாளரும்

தோல் பதனிடுதல் மிகுந்த நீரையும் இடத்தையும் உடலுழைப்பையும் வேண்டும் தொழில். உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் கழுவி ஊறவைப்பர். பின்பு சுண்ணாம்புத் தொட்டியில் பல நாள் போட்டு மயிரைத் தளர்த்துவர். வளைகத்தியால் ஒருபுறம் மயிரையும் மறுபுறம் ஒட்டியுள்ள சதையையும் வழித்தெடுப்பர். சுண்ணாம்பை நீக்கிய பின் மரப்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் மாற்றி மாற்றி ஊறவைப்பர். தமிழகத்தில் இதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. இறுதியில் எண்ணெய் தடவி உலர்த்துவர். ஒரு தோல் முழுமையடைய வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். ஒவ்வொரு படிநிலைக்கும் கைத்திறன் தேவை. வளைகத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் தோல் கிழிந்து விலையிழக்கும்.

இத்தொழிலுக்குத் தாராவி பொருத்தமாக அமைந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. அருகே பாந்த்ராவில் நகராட்சியின் இறைச்சிக்கூடம் இருந்தது. பச்சைத்தோல் கெடுவதற்குள் வந்து சேர்ந்தது. கழிமுகம் கழிவுநீரை ஏற்றது. நகர எல்லையில் நிலம் மலிவாகக் கிடைத்தது. தாராவியின் முதல் தோல்தொட்டி 1887-இல் தோன்றியதாகக் கூறப்படுகிறது. அங்குள்ள பழமையான பள்ளிவாசலான படா மசூதியும் அவ்வாண்டைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. தொழிற்கூடமும் வழிபாட்டிடமும் ஒரே காலத்தில் எழுந்தன என்பது, வந்தவர்கள் பருவகாலக் கூலிகளாக மட்டும் இல்லாமல் நிலைத்துத் தங்கும் சமூகமாகவும் உருவானதைக் காட்டுகிறது.

தோல்தொட்டிகளின் உருவாக்கத்தில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் இசுலாமிய வணிகர்களின் பங்கு பெரிது. அவர்களோடு தொட்டிகளில் உழைத்தோர் பலர் அதே மாவட்டத்து ஆதிதிராவிடர்கள். 1871-இல் சென்னை, பம்பாய் இரயில்பாதைகள் இராய்ச்சூரில் இணைந்தன. 1876-இல் திருநெல்வேலிக்கு இரயில் வந்தது. அதே ஆண்டில் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தின் நிலமற்ற உழைப்பாளரை வேரோடு பெயர்த்தது. இலங்கை, மலாயா, பர்மா ஆகியவற்றுக்குச் சென்றோரின் வரலாறு தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அதே பஞ்சத்தாலும் அதே நிலவுடைமைச் சாதியமைப்பாலும் பெயர்க்கப்பட்டு, கப்பலுக்குப் பதிலாக இரயிலேறியோரின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

தோல் தொழிலில் திறனும் சாதி இழிவும் பிரிக்கமுடியாதபடி பிணைந்திருந்தன. திண்டுக்கல் தோல்பதனிடும் தொழிலாளரின் வாழ்வைக் களமாகக் கொண்டு டி. செல்வராஜ் எழுதி, 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' நாவல் இப்பிணைப்பைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தியது. பம்பாய்க்கு வந்த தொழிலாளி தன் கைத்திறனைக் கொண்டுவந்தார். அதனோடு சாதி அடையாளமும் தொடர்ந்து வந்தது. மராட்டியப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தோர் சமூகத்தாரும், செருப்புத் தைக்கும் சாம்பார் சமூகத்தாரும் வந்தனர். மொழி வேறுபட்ட போதிலும், தீட்டெனக் கருதப்பட்ட ஒரு பொருளைக் கையாளும் கடமை இவர்கள் அனைவர்மீதும் சாதியமைப்பால் சுமத்தப்பட்டிருந்தது. தாராவி அவர்களுக்கு ஊரில் கிடைக்காத இரண்டைத் தந்தது: பணமாகக் கிடைக்கும் கூலி, நிலவுடைமையாளரின் நேரடி அதிகாரத்திலிருந்து விலகல். இவ்விரண்டும் முழு விடுதலை ஆகிவிடவில்லை. ஆயினும் ஊருக்குத் திரும்பிச் சென்றவர் அடுத்த முறை தம் உறவினரையும் அழைத்துவரப் போதுமானவையாக இருந்தன.

3. ஊரும் சாதியும் தொழிலும்: வட்டாரங்களின் உருவாக்கம்

தாராவியின் வளர்ச்சி சங்கிலித்தொடர் இடம்பெயர்வின் வழியே நிகழ்ந்தது. முதலில் வந்தவர் தம் ஊராருக்கு வேலையும் தங்குமிடமும் தேடித்தந்தார். வந்தவர் அடுத்தவரை அழைத்தார். இதனால் ஒரு சந்தில் ஒரே மாவட்டத்தார், சில வேளைகளில் ஒரே ஊரார் குடியிருக்கும் நிலை ஏற்பட்டது. திருமணம், மரணம், கடன், வழக்கு ஆகிய அனைத்திலும் ஊர்த்தொடர்பு உயிர்ப்போடு இருந்தது. ஊர்ப்பெயரிலும் சாதிப்பெயரிலும் சங்கங்கள் தோன்றின. வேலை, கடன், பிணை ஆகியவற்றை வங்கியும் அரசும் தராத சூழலில் அவற்றைத் தந்த அமைப்புகள் இச்சங்கங்களே.

தாராவியின் இடப்பெயர்கள் இவ்வரலாற்றின் ஆவணங்களாக விளங்குகின்றன. 'சாம்டா' என்னும் சொல்லுக்குத் தோல் என்பது பொருள். சாம்டா பஜார் தோல் வணிகத்தால் பெயர் பெற்றது. கும்பார்வாடா குயவரின் இடம். கோலிவாடா மீனவரின் இடம். மாட்டுங்கா லேபர் கேம்ப் அங்குத் தங்கிய உழைப்பாளரைப் பெயரிலேயே சுமந்துள்ளது. 13-ஆம் காம்பவுண்டு என்றால் நெகிழியையும் பழைய தகரக் கலங்களையும் பிரித்து மறுபயன்பாட்டுக்கு ஆக்கும் தொழில் என்றே மும்பையில் பொருள்கொள்வர்.

கும்பார்வாடாவின் அமைப்பு தனித்துக் குறிப்பிடத்தக்கது. வீட்டின் உட்பகுதியில் குடும்பம் வாழ, முன்பகுதியில் சக்கரம் சுழலும். வாசலில் பானைகள் காயும். வீட்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள பொதுமுற்றத்தில் சூளை எரியும். மண் பிசைதலும் உலர்த்தலும் அடுக்கலும் குடும்பத்தார் அனைவரும் பகிரும் வேலைகள். வீடு எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது எனக் கோடு கிழிக்க இயலாது. இவ்வமைப்பு கும்பார்வாடாவுக்கு மட்டும் உரியதன்று. பரப்பளவும் பொருளும் மாறினாலும் தாராவியின் பெரும்பகுதிக்கு இதுவே இலக்கணம்.

தமிழரிடையேயும் தொழில்கள் பெருகின. தோல்தொட்டித் தொழிலாளரின் அடுத்த தலைமுறையினர் ஆலைகளுக்கும் நகராட்சிப் பணிக்கும் சென்றனர். நாடார் சமூகத்தார் கடைகளும் உணவகங்களும் நடத்தினர். இட்லித் தொழில் தாராவித் தமிழ்க் குடும்பங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இரவில் மாவரைத்து, விடியுமுன் வேகவைத்த இட்லியைச் சட்டினியோடும் சாம்பாரோடும் சைக்கிளில் ஏற்றிக் காலையில் மும்பையின் தெருக்களில் விற்கின்றனர். சமையலறையே உற்பத்திக்கூடமாக இயங்கும் இத்தொழிலில் பெண்களின் உழைப்பே முதன்மையானது. ஆனால் வீட்டுவேலையோடு கலந்துவிடுவதால் அது தொழிற்கணக்கு எதிலும் இடம்பெறுவது அரிது. அப்பளம் இட்டு, கவிழ்த்த பிரம்புக் கூடைகளின்மேல் உலர்த்தும் பெண்களின் உழைப்பும் இத்தகையதே.

1913-இல் தமிழர் எழுப்பிய கணேசர் கோயில், ஊர்த்தெய்வ வழிபாடுகள், சாலையோரத்தில் வரிசையாகப் பானை வைத்துப் பெண்கள் பொங்கலிடும் தைத்திருநாள் ஆகியவை தமிழ் அடையாளத்தைப் பொதுவெளியில் நிலைநிறுத்தின. தமிழ்வழியில் மாநகராட்சிப் பள்ளிகள் இயங்கின. காமராசர் பெயரில் அமைந்த பள்ளி அடுத்த தலைமுறையை ஆங்கிலக் கல்விக்கு அழைத்துச் சென்றது. அதே வேளையில், தமிழர் என்னும் ஒற்றைப் பெயர் உள்ளிருந்த சாதிப் பிரிவுகளைக் கரைத்துவிடவில்லை. தாராவியின் ஆதிதிராவிடரிடையே நிகழ்ந்த அரசியல் அணிதிரட்டலைக் குறித்து 1974-இல் எழுதிய மானிடவியலாளர் ஓவன் லிஞ்ச் முதலாக, பின்னர் தோல் தொழிலாளரை ஆராய்ந்த மரி-கரோலின் சாக்லியோ-யட்சிமிர்ஸ்கி வரை, ஆய்வாளர்கள் சாதியைத் தாராவி வாழ்வின் அச்சாகவே கண்டுள்ளனர்.

1966-இல் சிவசேனை தோன்றிய பின் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி மும்பைத் தமிழரை அச்சத்தில் ஆழ்த்தியது. 1992–93 மதக்கலவரத்தில் தாராவி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இவ்விரு காலங்களிலும் பலர் ஊர் திரும்பினர். அவர்களுள் பெரும்பாலோரை மீண்டும் அழைத்துவந்தது வேலையே.

4. ஆலைகளின் வீழ்ச்சியும் பட்டறைகளின் எழுச்சியும்

1950-இலும் 1957-இலும் நகர எல்லைகள் வடக்கே விரிவாக்கப்பட்டதால், ஓரத்தில் இருந்த தாராவி மாநகரின் நடுவே வந்தது. நாற்றம் தரும் தொழிலை ஓரத்துக்குத் தள்ளிய பழைய தருக்கம் இப்போது மீண்டும் செயல்பட்டது. 1971-இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாற்றப்பட்டது. பச்சைத்தோலின் வரத்து விலகியதும், மாசுக்கட்டுப்பாடு இறுகியதும், அடுத்து வந்த ஆண்டுகளில் தோல்தொட்டிகளுள் பெரும்பாலானவை தாராவியை விட்டு நீங்கின.

தொட்டிகள் நீங்கியபோதும் தோல் நீங்கவில்லை. சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய இடங்களில் பதனிட்ட தோல் தாராவிக்கு வந்து, பணப்பையாகவும் இடைவாராகவும் கைப்பையாகவும் மாறத் தொடங்கியது. பதனிடும் இடம் தைக்கும் இடமாயிற்று. வெட்டுதல், ஓரம் சீவுதல், ஒட்டுதல், தைத்தல், மெருகூட்டல் என ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சிறுபட்டறைகளுக்குப் பிரிந்தது. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் தோற்பொருள் கடைகள் வரிசையாக எழுந்தன. தொழிலாளரின் பிறப்பிடமும் மாறியது; உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பட்டறைகளை நிறைத்தனர். 2015-இல் மாட்டினப் பாதுகாப்புச் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, மூலப்பொருளின் வரத்திலும் விலையிலும் இத்தொழில் மீண்டும் நெருக்கடியைச் சந்தித்தது.

தோலில் நிகழ்ந்த மாற்றம் மும்பையின் பொருளாதாரம் முழுவதிலும் நிகழ்ந்ததன் ஒரு பகுதியே. 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்தின் தலைமையில் தொடங்கிய நூற்பு, நெசவாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அவ்வேலைநிறுத்தம் வெற்றியின்றி ஓய்ந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நிலையான வேலை, சேமநலநிதி, தொழிற்சங்கம் ஆகியவற்றைக் கொண்ட தொழிலாளி வர்க்கம் சிதறியது. உற்பத்தி, ஒப்பந்த வேலையாகச் சிறுபட்டறைகளுக்குப் பெயர்ந்தது. தாராவியில் ஆயத்த ஆடைத் தையலும் சரிகை வேலையும் பெருகின. 'தாராவியின் சுறுசுறுப்பு' எனப் பின்னாளில் புகழப்பட்டதன் மறுபக்கம் இதுவாகும். தொழிலாளி தான் தைக்கும் மேசைக்கடியிலேயே உறங்குகிறார். அதனால் முதலாளிக்கு விடுதிச்செலவு இல்லை. தொழிலாளிக்கு வாடகைச்செலவு இல்லை. அவ்விடத்தில் அவர் வசித்ததற்கான சான்றும் எவரிடமும் இல்லை.

5. 'குடிசைப்பகுதி' என்னும் சட்டச்சொல்

1971-இல் மகாராட்டிர அரசு குடிசைப்பகுதிகள் சட்டத்தை இயற்றியது. நெரிசல், சுகாதாரக்கேடு, அடிப்படை வசதியின்மை ஆகியவற்றால் மக்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஊறு விளைவிக்கும் பகுதி எனக் குடிசைப்பகுதியை அது வரையறுத்தது. இவ்வரையறை கட்டடத்தின் நிலையைப் பேசுகிறது. அக்கட்டடத்துக்குள் நிகழும் பிழைப்பைப் பேசவில்லை. சட்டத்தால் பயன் விளையவில்லை என்று கூறிவிட முடியாது. குடிநீர்க்குழாய், கழிப்பறை, மின்சாரம் ஆகியவை மெல்லமெல்ல வந்தன. இடித்துத் துரத்தும் கொள்கைக்கு மாற்றாக மேம்பாட்டுக் கொள்கை எழுந்தது. 1976 ஜனவரியில் மும்பைக் குடிசைகள் ஒரே நாளில் கணக்கெடுக்கப்பட்டு, குடும்பங்களுக்குப் புகைப்பட அனுமதிச்சீட்டு வழங்கப்பட்டது. தாராவி மக்கள் முதன்முறையாக ஆவணத்தில் இடம்பெற்றனர். ஆனால் 'குடிசைவாசி' என்னும் ஒற்றைப் பெயரில் இடம்பெற்றனர். தோல் பதனிடுபவர், குயவர், இட்லி விற்பவர், தையற்காரர் ஆகிய அடையாளங்கள் அச்சீட்டில் முதன்மை பெறவில்லை.

1985 டிசம்பரில் பம்பாய்க்கு வந்த பிரதமர் இராசீவ் காந்தி, நகரின் மேம்பாட்டுக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதன் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. எத்தனை குடும்பங்கள் உள்ளன என்னும் வினா அப்போது எழுந்தது. அரசின் கணக்கை ஏற்காத மக்கள் அமைப்புகள் தாமே வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தன. அவர்கள் கண்ட எண்ணிக்கை அரசு கூறியதைவிட மிகுதியாக இருந்தது. கணக்கில் வராதவர் திட்டத்தில் வரமாட்டார் என்பதை மக்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

1995-இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைக்கப்பட்டது. நிலத்தை வணிகநோக்கில் கட்டிவிற்கும் உரிமையைக் கட்டுமான நிறுவனத்துக்கு அளித்து, அதற்கு ஈடாகக் குடிசைவாசிக்கு விலையின்றி அடுக்ககவீடு தருவது அதன் அடிப்படை. நிலத்தின் சந்தைமதிப்பே மறுவாழ்வின் மூலதனமாயிற்று. அடுக்ககம் பலருக்கு உண்மையான நன்மையைத் தந்தது. தனிக் கழிப்பறையும் பூட்டத்தக்க கதவும் உரிமைப்பத்திரமும் எளியவையல்ல. பொதுக்கழிப்பறை முன் விடியலில் வரிசையில் நின்ற பெண்களுக்கு அவை கண்ணியத்தின் வினா. ஆனால் ஏழாம் மாடியில் சக்கரம் சுழற்றிச் சூளை எரிக்க முடியாது. அப்பளம் உலர்த்த முற்றம் இல்லை. இட்லிப் பாத்திரங்களை விடியலுக்குமுன் இறக்கத் தெருவாசல் இல்லை. மின்தூக்கிக்கும் பராமரிப்புக்கும் மாதந்தோறும் கட்டணம் உண்டு. குடியிருப்பின் தரம் உயரும்போதே பிழைப்பின் அடித்தளம் சரியக்கூடும் என்னும் முரண் இங்குத் தோன்றுகிறது.

6. எண்ணப்படும் வீடு, எண்ணப்படாத உழைப்பு

தாராவி முழுவதையும் ஒரே திட்டமாக மறுசீரமைக்கும் கொள்கையை மாநில அரசு 2004-இல் ஏற்றது. பலமுறை ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டுக் கைவிடப்பட்ட பின், 2022 நவம்பரில் அதானி குழும நிறுவனம் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு ஏலத்தில் அத்திட்டத்தைப் பெற்றது. 2024-இல் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது.

விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர் தாராவிக்குள் 350 சதுர அடி வீட்டை விலையின்றிப் பெறுவர். அதற்குப்பின் 2011-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வந்த தரைத்தளத்தார் 2.5 இலட்சம் ரூபாய் செலுத்தித் தாராவிக்கு வெளியே வீடு பெறுவர். மேல்தளத்தாருக்கும் அதன் பின் வந்தோருக்கும் வெளியே வாடகை அல்லது தவணைமுறை வீடு. தொழிற்கூடங்களுக்கெனத் தனி விதிகளும் வரிச்சலுகையும் அறிவிக்கப்பட்டுள்ளன. மாசு தராத தொழில்கள் தொடரலாம் எனவும் கூறப்பட்டுள்ளது. முந்தைய திட்டங்களோடு ஒப்பிடுகையில், மேல்தளத்தாரையும் ஓரளவு கணக்கில் கொண்டது இதன் முன்னேற்றமாகும்.

எனினும், காலமும் தளமும் ஆகிய இரண்டு அளவுகோல்களும் வசிப்பிடத்தை அளப்பதற்கு உருவானவை. தாராவியில் பரவலாகக் காணப்படும் ஒரு கட்டட வகையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். தரைத்தளத்தில் தோற்பொருள் கடை. இரும்பேணி வழியே ஏறினால் தையற்பட்டறை. அதற்கும் மேலே தொழிலாளர் உறங்கும் தகரக்கூரை அறை. கட்டடத்தின் உரிமையாளர் ஒருவர், கடைக்காரர் வாடகைதாரர், பட்டறைக்காரர் உள்வாடகைதாரர், தொழிலாளர் எவ்வகை ஆவணமும் அற்றவர். நான்கு தரப்பின் பிழைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளது. தகுதிப்பட்டியல் இவ்வடுக்கைப் பிரித்து, சிலரை உள்ளேயும் சிலரை வெளியேயும் நிறுத்துகிறது. பட்டறை உள்ளே தங்கி, தைப்பவர் நகரின் மறுகோடிக்குச் சென்றால், அல்லது தைப்பவர் தங்கிப் பட்டறை சென்றால், இரண்டு நிலையிலும் தொழில் அறுபடும். தாராவியில் மூலப்பொருள் விற்பவரும் வெட்டுபவரும் தைப்பவரும் விற்பவரும் நடந்துசெல்லும் தொலைவில் இருக்கின்றனர். அவ்வருகாமையே அதன் முதலீடு. அதற்கு எவ்விதப் பத்திரமும் இல்லாததால் அதற்கு இழப்பீடும் இல்லை.

தாராவியை இருக்கும் நிலையிலேயே காக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. நெரிசல், தீவிபத்து அச்சம், காற்றோட்டமின்மை, தொழிற்பாதுகாப்பின்மை ஆகியவை அங்கு உழைப்போரின் உடலையே வருத்துகின்றன. கல்பனா சர்மா 2000-இல் வெளியிட்ட தாராவி பற்றிய நூலுக்குப் பின் அப்பகுதியின் தொழில்முனைப்பு பெரிதும் பாராட்டப்பட்டு வந்துள்ளது. அப்பாராட்டு சுரண்டலை மறைக்கும் திரையாகிவிடவும் கூடாது. மாற்றம் வேண்டும் என்பதில் தாராவி மக்களுக்கு ஐயமில்லை. எதை அடிப்படை அலகாகக் கொண்டு மாற்றத்தை வகுப்பது என்பதே வினா. வீட்டை அலகாகக் கொண்டால் ஒரு விடையும், வீடும் பட்டறையும் சந்தும் சேர்ந்த தொழில்வட்டாரத்தை அலகாகக் கொண்டால் வேறொரு விடையும் கிடைக்கும்.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தாராவி தற்செயலாகப் பெருகிய குடிசைத்தொகுப்பு அன்று. நகரம் விலக்கிவைத்த தொழில்களும், சாதியாலும் பஞ்சத்தாலும் ஊரைவிட்டு வந்த உழைப்பாளரும் சந்தித்ததால் உருவான தொழிற்குடியிருப்பு அது.

2. திருநெல்வேலித் தமிழ் இசுலாமியரும் ஆதிதிராவிடரும் தோல் தொழிலின் வழியே அவ்விடத்தின் முதற்கட்ட உருவாக்கத்தில் பங்கேற்றனர். தமிழர் இடம்பெயர்வு வரலாற்றில் கடல்கடந்த குடியேற்றங்களுக்கு இணையாக இதுவும் ஆராயப்பட வேண்டும்.

3. தோல்தொட்டிகள் நீங்கியபின்னும் தொழில் வேறு வடிவில் தொடர்ந்தது. ஆனால் நிலையான வேலையும் ஆவணமும் அற்ற உழைப்பே பெருகியது.

4. 1971 முதல் இன்றுவரை சட்டங்களும் கணக்கெடுப்புகளும் வசிப்பிடத்தையே அளந்துள்ளன. அளவுகோலில் இடம்பெறாத உழைப்பு, இழப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை.

தாராவியின் சந்துகள் அளக்கப்பட்டு எண்ணிடப்படும் இக்காலத்தில் தமிழாய்வுக்கு ஓர் உடனடிக் கடமை உண்டு. ஊர்ச்சங்கங்களின் கணக்கேடுகள், தமிழ்வழிப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், தோல்தொட்டிகளில் உழைத்த முதியோரின் வாய்மொழி, தொழில்சார்ந்த கலைச்சொற்கள், சந்துகளின் வழக்குப்பெயர்கள் ஆகியவை இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. ஒரு சந்து இடிக்கப்படும்போது, அங்கு யார் எத்தொழிலைச் செய்து வாழ்ந்தனர் என்பதைச் சொல்லும் இச்சான்றுகளும் சிதறும். அவற்றைத் தொகுப்பது வரலாற்றுப்பணி மட்டுமன்று. 'நீங்கள் எப்போதிருந்து இங்கு இருக்கிறீர்கள்' என்று கேட்கப்படும் மக்களுக்கு, 'நாங்கள் இங்கு என்ன செய்தோம்' என்று விடையளிக்கவும் அவை பயன்படும்.